கண்டக்டர் வாய் திறக்க இரண்டு நிமிடம்

நல்லபடியாக ஓடுகிற கம்ப்யூட்டரை வாங்கி, அதன் மதர்போர்டில் கைவைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலையை முடித்து, மறுபடியும் அது நல்லபடியாக ஓடினால், "என்ன செஞ்சீங்க? பழையபடிதானே இருக்கு" என்று கேட்கப்படும் தொழில் எங்களுடையது.

இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. தலையை ஆட்டிக்கொண்டே வாசிப்பீர்கள். மற்றவர்களும் என்றாவது ஒரு நாள் எதையாவது ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தானே? ஆகவே நீங்களும் நம் கட்சிதான்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் கடை. நானும் சுரேந்திரன் அண்ணனும் கூட்டு. அவர் டிவி மெக்கானிக்காக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். சால்டரிங் இரும்பைப் பிடித்தால் அவரை அடிக்க ஆளில்லை. பொறுமை என்றால் மட்டும் கடையில் ஸ்டாக் இல்லை. என் வேலை பயாஸ். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தன் கை எங்கே, கால் எங்கே என்று பார்த்துக்கொள்ள உதவுகிற சின்ன புரோகிராம் அது. மதர்போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு குட்டி ஐ.சி.க்குள் இருக்கும். அதைத் திருத்தி எழுதலாம். எழுத்தில் பிசகினால் கம்ப்யூட்டர் கண்ணே விழிக்காது. மாடிப்படி ஏறி வருகிறவர்கள் சுடிதாரில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, "மெக்கானிக் எங்க?" என்று கேட்பார்கள். நான்தான் என்றால், சுரேந்திரன் அண்ணனைப் பார்த்து ஒரு தடவை உறுதி செய்துகொள்வார்கள். போகட்டும்.

எள்ளு போல ஒன்று

அம்பூரியிலிருந்து ஒரு ரப்பர்க்காரர், பழைய டெஸ்க்டாப்பைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மகள் புது மாதிரி வேக டிஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பழைய போர்டுக்கோ அப்படி ஒரு சாதனம் உலகத்தில் இருப்பதே தெரியாது. பயாஸில் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்து எழுதினால் தெரிந்துகொள்ளும். முதலில் உள்ளதை வாசிக்க வேண்டும், காப்பி எடுக்க வேண்டும், சேர்க்க வேண்டும், எழுத வேண்டும், எழுதியதை மறுபடியும் சரிபார்க்க வேண்டும் என்று நான் விளக்கினேன். அவரும் ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுக்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

வேலை முடிகிறவரை நாற்காலியை விட்டு அசையவில்லை. எதையோ பெரிதாகக் கழற்றி மாட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. நான் ஒரு கிளிப்பை ஐ.சி.யின் மேல் கவ்வவிட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அவருக்கு ஏமாற்றம். கடைசியில் புது டிஸ்கிலிருந்து கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்து நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து அந்த ஐ.சி.யையே பார்த்தார்.

"இந்த எள்ளு போல சாதனத்துக்கா மக்கா இம்புட்டு வர்த்தமானம் பறஞ்சே?"

வாயைக் கழற்றி வைப்பது

உதியன்குளங்கரைப் பக்கத்திலிருந்து சுகுமாரன் என்று ஒருவர் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் கல்ஃபில் இருந்த மகன் லீவில் வந்து, லேப்டாப்பில் ஒரு புரோகிராம் போட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் குரலிலேயே நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறான். ஒன்றோ இரண்டோ கீயை அமுக்கினால் ஒரு பேச்சு. என் முன்னால் ஒன்றை அமுக்கினார். "சாயா போதும், மதுரம் வேண்டாம்" என்றது கனத்த குரல். இன்னொன்று: "எனக்குச் செவி நல்லா கேக்கும், சத்தம் போடாதே." மூன்றாவதைக் கேட்டு சுரேந்திரன் அண்ணன் தன்னை அறியாமல் ஒதுங்கி நின்றார். "கொஞ்சம் முன்னால நீங்கி நில்லு" என்பது அது. பதிவு செய்யும்போது பழைய தொழில் நினைவுக்கு வந்துவிட்டது போல.

அவர் குறை இதுதான். லேப்டாப்புக்கு ஒரிஜினல் பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. டூப்ளிகேட் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் பயாஸ், 'இந்த பேட்டரி என்னுடையதல்ல' என்று ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு முறைத்துக்கொண்டு நிற்கிறது. அவர் வாய் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது. அதற்குள் மனைவி சரசம்மா சண்டையில் ஜெயித்து அடுக்களைக்குப் போய்விடுகிறார். அந்த எச்சரிக்கையை எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் குழந்தைகள் எழுதி அழிக்கிற ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

செய்யலாம், ஆனால் லேப்டாப்பை இன்று விட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றேன். மனிதர் முகம் மாறிவிட்டது. சிலேட்டில் விறுவிறுவென்று எழுதி என் மூக்குக்கு நேராக நீட்டிவிட்டு, லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்தக் குரலையாவது ஒரு பென் டிரைவில் எடுத்துத் தருகிறேன் என்று நான் சொல்வதற்குள் படி இறங்கிவிட்டார். சிலேட்டில் எழுதியிருந்தது இது:

"ஒரு ராத்திரிக்கு உன் நாக்கை என்கிட்ட கழற்றி வச்சிட்டுப் போவியா?"

ஜெப நேரம்

அந்த வாரமே நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பழைய மிஷன் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. பாட்டுகளைத் திரையில் காட்டுகிற கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை, மறுநாள் கல்யாணம். கழற்றிக் கொண்டுபோக நேரமில்லாததால் பாடகர் குழு உட்காருகிற மூலையிலேயே வேலையை ஆரம்பித்தேன். எழுதுவது பாதி போயிருக்கும். போதகர் அந்தப் பக்கம் வந்தவர், "நல்ல காரியம், ஒரு வார்த்தை ஜெபிச்சிருவோம்" என்று கண்ணை மூடினார். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மேலே தொங்குகிற பழைய ஃபேன்கள் போடுகிற இரைச்சலில் ஜெபம் கேட்காது. ஆகவே போதகர் கண்ணை மூடியதும் மணி அடிக்கிற பெரியவர் போய் மெயினை அணைத்துவிடுவார். அணைத்தார். அந்த மூலையே இருட்டானது. ஜெபம் ஆமென் வரை போகவில்லை, போதகரே கண்ணைத் திறந்து, "ஐயோ, எல்லாம் போச்சா மோளே?" என்று நின்றார்.

ஒன்றும் போகவில்லை. தொழில் தெரிந்தவர்கள் இப்படிப்பட்ட வேலையில் அந்தக் கம்ப்யூட்டரின் கரண்டை நம்புவதில்லை. எழுதும் கருவி என் லேப்டாப்பில் செருகியிருந்தது, என் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு எழுதி முடித்தது. மெயினைப் போட்டதும் கம்ப்யூட்டர் எழுந்தது. மணியடிக்கிற பெரியவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. என் லேப்டாப்பைக் காட்டிக் கேட்டார்.

"ஜெபம் சொல்லும்போ மனுசன் அடங்கி நிக்கணும், ஃபேன் அடங்கி நிக்கணும், இதுக்கு மட்டும் என்ன ஒரு திமிரு?"

அளியன் பார்த்த வீடியோ

பத்து நாள் கழித்து சுகுமாரன் திரும்ப வந்தார். இந்தத் தடவை லேப்டாப் சரசம்மாவின் கையில் இருந்தது, துணியில் சுற்றி. அவர்களுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருவர் படியிலேயே நின்றுவிட்டார். சரசம்மாவின் தம்பி அவர், சுகுமாரனுக்கு அளியன். கல்ஃபில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர், ஸ்க்ரூ டிரைவருக்குப் பயப்படாதவர். அக்காள் புருஷனின் கஷ்டத்தைப் பார்த்துப் பொறுக்காமல் மொபைலில் ஒரு வீடியோ பார்த்து, அதில் சொன்ன இடத்திலிருந்து 'எச்சரிக்கை எடுத்த பயாஸ்' ஒன்றை இறக்கி, வீடியோவில் காட்டியபடியே எழுதிவிட்டார். அன்றிலிருந்து திரை கறுப்பு. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

"டிஸ்கைக் கழற்றி வேற கம்ப்யூட்டர்ல போட்டு குரலை எடுத்திரலாமே" என்று படியிலிருந்தே சொன்னார் அளியன். எடுக்க முடியாது. இந்த மாதிரி லேப்டாப்பில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொண்டிருக்கும், வேறு எங்கே மாட்டினாலும் திறக்காது. ஒரு நீண்ட சாவி எண் இருந்தால் திறக்கும். அது மகனுடைய பழைய மெயிலில் இருக்கிறதாம்; அந்த மெயிலைத் திறக்கப் பழைய துபாய் சிம்மின் நம்பர் வேண்டும்; சிம்மை எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. வேறு காப்பி உண்டா என்று கேட்டேன். இல்லை. பதிவு செய்ததெல்லாம் அந்த ஒரே டிஸ்கில்தான். புதிதாகப் பதிவு செய்துகொள்ள அந்தக் குரல் இனிமேல் வராதே.

சுகுமாரன் ஜன்னல் ஓரமாக நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலேட்டை எடுக்கவே இல்லை. சரசம்மாதான் பேசினார்.

"இப்போ வீட்டில நான் ஒருத்தி மட்டுமாக்கும் பேசியது மோளே, என் ஒச்சையைக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

படம் வந்தால் போதும்

சுரேந்திரன் அண்ணன் அதற்குள் மதர்போர்டை வெளியே எடுத்துவிட்டார். அதே மாடலுக்கு எங்களிடம் ஒரு ரெடி ஃபைல் இருந்தது. முன்பு வேறு ஒருவருடைய லேப்டாப்பில் எடுத்தது. "இதை அப்படியே எழுது, இப்போ உயிர் வரும்" என்று கிளிப்பையும் மாட்டினார். உயிர் வரும்தான். ஆனால் டிஸ்கின் பூட்டைத் திறக்கிற ரகசியச் சாவி இந்த மாடலில் அதே ஐ.சி.க்குள்தான், பயாஸுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. வேறொருவர் ஃபைலை முழுசாக எழுதினால் அந்தச் சாவியும் அழிந்துபோகும். வேறொருவர் வீட்டுச் சாவி வந்து உட்காரும். லேப்டாப் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கும், குரல் போனது போனதுதான்.

"கையை எடுங்க அண்ணே" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கீழே பேக்கரியில் பஃப்ஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். முதலில் வாசிப்பு, பிறகுதான் எழுத்து. ஐ.சி.யில் இருப்பதை அப்படியே வாசித்து வைத்தேன். மறுபடி வாசித்தேன். இரண்டையும் ஒப்பிட்டால் ஒத்துப்போகவில்லை. கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எழுதியிருந்தால் சாவி அறையும் சேர்ந்து குழம்பியிருக்கும். கால்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கிளிப்பை மறுபடி கவ்வவிட்டு வாசித்தேன். இப்போது இரண்டு வாசிப்பும் ஒத்தன. அதை இரண்டு இடத்தில் காப்பி வைத்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சாவி அறையைத் தொடாமல், அளியன் கெடுத்த அறையை மட்டும் கம்பெனியின் சுத்தமான பயாஸால் மாற்றி எழுத வேண்டும்.

சுரேந்திரன் அண்ணன் கோபித்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

"டிவி காலத்தில இந்தத் தொல்லை ஒண்ணும் இல்லை மக்கா, படம் வந்தா ஆளு வீட்டுக்குப் போயிருவான்."

நீலத் திரை

எழுதி முடித்து ஆன் செய்தோம். கம்பெனிப் படம் வந்தது. சரசம்மா கைதட்டியே விட்டார். அளியன் படியிலிருந்து இரண்டு படி மேலே ஏறினார். அடுத்த நிமிடம் திரை முழுக்க நீலம். சாவி எண்ணைக் கேட்டு நின்றது. அளியன் அந்த இரண்டு படியையும் இறங்கினார்.

இதற்குக் காரணம் உண்டு. பூட்டு எந்தப் பயாஸின் முன்னிலையில் போடப்பட்டதோ அதே பயாஸ் வந்து நின்றால்தான் சாவி வெளியே வரும். அளியன் கைவைப்பதற்கு முன்னால் அதில் எந்தப் பதிப்பு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கம்பெனித் தளத்தில் பல பதிப்புகள் கிடந்தன. நான் போட்டது புதியது. நீலத் திரை கேட்கிறதே தவிர எதையும் அழித்துவிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது. அதற்கு முந்தைய பதிப்பை எடுத்து, அந்த அறையில் மட்டும் எழுதி, எழுதியதைச் சரிபார்த்து, ஆன் செய்தேன். மறுபடியும் நீலம். சுகுமாரன் ஜன்னலை விட்டு வந்து என் பின்னால் நின்றார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. அதற்கும் முந்தையதை எழுதினேன். படம் வந்தது. பேட்டரி எச்சரிக்கை வந்து முறைத்துக்கொண்டு நின்றது. பிறகு சுகுமாரன் தன் பேரனைத் தூக்கி வைத்திருக்கிற போட்டோவோடு, டெஸ்க்டாப் திறந்தது.

அவர் கை கீபோர்டுக்குப் போனது. நான் தடுத்துவிட்டேன். குரல் முழுவதையும் முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்தேன், பிறகு என் கம்ப்யூட்டரில், பிறகு சரசம்மாவின் மொபைலில். அதற்குப் பிறகுதான் விலகி உட்கார்ந்தேன். சுகுமாரன் கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்தார். அளியனைத் திட்ட ஒரு கீ கட்டாயம் இருந்திருக்கும். அவர் வேறு ஒன்றை அமுக்கினார். "சரசம்மா, நான் பறயும்போ எடையில கேறிப் பேசாதே" என்றது கனத்த குரல். சரசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, சிரிப்பும் நிற்கவில்லை.

"பேசல்ல, பேசல்ல, நீங்க பறைங்க, நான் ஒண்ணும் பேச மாட்டேன், மோளே கேட்டியா, அவரு ஒச்சை அதே போல உண்டு, தெக்கேத்து வீட்டில கேட்டா அவிய நம்ப மாட்டினும், ஏய், என்ன நிறுத்திட்டீங்க, பறைங்க!"

அது மட்டும் வேண்டாம்

சாயா வந்தது. அளியனும் உள்ளே வந்து ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பழைய பயாஸே திரும்ப வந்திருப்பதால் பழைய எச்சரிக்கையும் கூடவே வந்திருக்கிறது. இனி பயமில்லை, குரலுக்கு மூன்று காப்பி இருக்கிறது, ஐ.சி.க்கும் காப்பி இருக்கிறது, பூட்டை முறைப்படி திறந்து வைத்துவிட்டு இப்போதே அந்த எச்சரிக்கையை எடுத்துத் தருகிறேன் என்றேன். லேப்டாப்பை எங்கும் விட்டுப் போக வேண்டாம், இங்கேயே இருக்கலாம். சுகுமாரன் உற்சாகமாகத் தலையாட்டிக்கொண்டு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

சரசம்மா டம்ளரைக் கீழே வைத்தார். லேப்டாப்பை எடுத்து மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சுகுமாரன் அவரைப் பார்த்தார். சிலேட்டை எடுத்தார், எழுத ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு.

"அவரு வாய் தொறக்கதுக்குள்ள எனக்குச் சொல்ல உள்ளதெல்லாம் நான் சொல்லித் தீக்கணும், அந்த ரெண்டு நிமிசத்தில மட்டும் கை வைக்காதே மோளே."

கேட்ட வேலையைச் செய்யாமலேயே வாடிக்கையாளரை இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புகிற தொழில் உலகத்தில் வேறு ஏதாவது இருந்தால், சக தொழிலாளிகளே, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.